பூச்சி மேல விழுந்த அடி

ஏனுங்ணா, உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கோணும். தப்பா நெனைக்காதீங்க. உக்கடத்துல பஸ்ஸு ஏறினதுல இருந்து நீங்களும் அப்பப்பத் திரும்பிப் பாக்கறீங்க, நானும் கர்ச்சீப்புல மூஞ்சியத் தொடச்சுட்டே வர்றேன். அழுதுட்டு வர்ற ஆளு பக்கத்துல உக்காந்து போறது யாருக்கும் சங்கடந்தான். காரணம் தெரிஞ்சா உங்களுக்குக் கொஞ்சம் தேவலாம்.

குடிச்சிருக்கேன்னு நெனச்சுராதீங்க. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. கோர்ட்டுல இருந்து வர்றேன். விவாகரத்து. இன்னிக்கு மத்தியானம் முடிஞ்சுது. உடுமலைல எங்க அண்ணன் வீடு, அங்கதான் போறேன். என்ர வீட்டுக்குப் போக மனசு வரல. கதவத் தொறந்தா அந்த மேசை தெரியுமுங்க.

எதுக்கு விவாகரத்துன்னு நீங்க கேக்கல. கேக்காம இருக்கறது உங்க மரியாத. நானே சொல்றேன். ஒரு விளையாட்டுல ஒரு சண்டை வந்துச்சு. விளையாட்டுக்குள்ள வர்ற சண்டைங்க. அதுக்கு ரெண்டு விதி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குது. எது பெருசுன்னு நான் ஒரு முடிவு சொன்னேன். அவ்வளவுதான். மனுவுல கருத்து ஒத்துப்போகலைன்னு வக்கீல் என்னென்னமோ எழுதினாரு. அதெல்லாம் சும்மா. இதுதான் விசயம்.

சிரிப்பு வந்தா சிரிச்சுக்குங்க. கோர்ட்டுல கவுன்சிலிங் பண்ற அம்மாகிட்ட இதச் சொன்னப்ப, "பகடையா? எவ்வளவு தோத்தீங்க?"ன்னு கேட்டாங்க. என்ர மாமியா பல்லடம் பூரா, மாப்பிள்ள சூதாடியே குடும்பத்தக் கெடுத்துட்டாருன்னு சொல்லி வெச்சிருக்காங்க. நான் வாழ்க்கைல ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினதில்லீங்க.

அந்த ஆட்டம் சீட்டு, கேரம் மாதிரி இல்ல. நாலு பேரு ஒரு மேசையச் சுத்தி உக்காந்து கதை கட்டறது. ஆளுக்கொரு வேசம். எந்திரிச்சு ஆடறதில்ல, உக்காந்த எடத்துல வாயாலதான். ஒருத்தர் மட்டும் ஆட்டத்த நடத்தோணும். "காட்டுக்குள்ள போறீங்க, எதுக்க கரடி வருது, என்ன பண்றீங்க?"ன்னு அவரு கேப்பாரு. மத்தவங்க வெட்டறேன்னோ ஓடறேன்னோ சொல்லுவாங்க. வெட்டு பட்டுச்சா, எவ்வளவு பட்டுச்சுன்னு பகடைதான் சொல்லும். எல்லாத்துக்கும் விதி இருக்குது, தலகாணி மொத்தத்துல புஸ்தகம். எங்க ஆட்டத்துல நடத்துறவன் நான்.

நான் நடத்தறதுல ஒரு சுத்தம் இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்குத் தொழிலே அதுதானுங்க. பம்ப் கம்பெனில குவாலிட்டி பாக்கறேன். ஒரு ஷாஃப்ட் வந்தா அளவு பாக்கற கேஜ்ல விட்டுப் பாப்பேன். சேந்தா பாஸ், சேரலைன்னா ரிஜெக்ட். மொதலாளி மச்சான் கடைஞ்சதா இருந்தாலும் ரிஜெக்ட்தான். "நந்தகோபால் கையெழுத்துப் போட்டா அதுக்கப்பறம் யாரும் பாக்க வேண்டாம்"னு மேனேஜரே சொல்லுவாரு. இதப் பெருமைக்குச் சொல்லல. ஆளு எப்படின்னு உங்களுக்குத் தெரியோணும்ல, அதுக்குச் சொல்றேன்.

ரேணுகாவுக்கு இந்த ஆட்டத்தச் சொல்லிக் குடுத்ததே நான்தான். கல்யாணமான புதுசுல, "சின்னப் புள்ளைங்க மாதிரி இதென்னங்க மாமா"ன்னு சிரிச்சா. அப்பறம் பாத்தா, எங்க எல்லாரையும் விட அவதான் நல்லா ஆடினா. அவளோட வேசம் அங்காயி. பரிசல் ஓட்டறவ, கைல ஒரு கேடயம், ஊரே எதுத்து வந்தாலும் நவுர மாட்டா. வீட்டுல அவ்வளவா வாய் தொறக்காத புள்ளைங்க. அங்காயி ஆனா போதும், நாயக்கர் படையவே நிக்க வெச்சுக் கேள்வி கேப்பா. ஆல்பர்ட்டுன்னு ஒரு கணக்கு டியூஷன் மாஸ்டர், ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துருவாரு. அவரு வைத்தியர். ஜெராக்ஸ் கடை குமரகுரு திருடன். ரேணு பக்கோடா போட்டு வெப்பா. பொழுது சாயற வரைக்கும் ஆடுவோம். எனக்கு அத விடச் சந்தோசம் வேற இருந்ததில்லீங்க.

நடுவுல கொஞ்ச நாள் ஆட்டம் இல்லாமப் போச்சு. அவளுக்கு ஒடம்பு சரியில்ல. அதச் சொல்றேன், அப்பறமாச் சொல்றேன். திரும்ப ஆரம்பிச்சப்ப, ஒரு எரிஞ்சு போன ஊருக்குள்ள இவங்க போறாங்க. அங்க யாரு இருக்கறாங்கன்னு பகடை போட்டேன். புஸ்தகத்துல அதுக்கு ஒரு வரிசை இருக்குது, வியாபாரி, சாமியாரு, காயம்பட்ட சிப்பாய், இப்படி. கொழந்தைன்னு விழுந்துச்சு. நான் வேணும்னு கொண்டாரலீங்க, விழுந்துச்சு. "கவுத்துப் போட்ட தானியக் கூடைக்குள்ள ஒரு பொம்பளப் புள்ள, ரெண்டு ரெண்டரை வயசிருக்கும், பேச மாட்டேங்குது"ன்னேன். சும்மா காட்சிக்குச் சொன்னது. மத்தவங்க அந்தப் பக்கம் போயிருவாங்கன்னு நெனச்சேன்.

ரேணு மட்டும், "நான் தூக்கிக்கறேன்"னா.

பூச்சின்னு பேரு வெச்சா. பழைய சுடிதார்ல இருந்து ஒரு செவப்புப் பட்டன வெட்டி, மேசை மேல விரிச்சிருக்கற கட்டம் போட்ட வரைபடத்துல அதுதான் பூச்சின்னு வெச்சா. அதுக்கப்பறம் ஆட்டம் நெம்ப மெதுவாப் போச்சு. எதிரி வர்றான்னு நான் சொல்லிட்டு இருப்பேன், இவ "இருங்க, பூச்சிக்குத் தல சீவி விடறேன்"ம்பா. "தல சீவறதுக்கு விதி இல்ல ரேணு, நேரம் போவுது"ம்பேன். ஆல்பர்ட் வேற சேந்துக்குவாரு, "நான் பூச்சிக்கு ஒரு மயிலெறகு தர்றேன்"னு. குமரகுரு சந்தைல பஞ்சு முட்டாய் திருடிட்டு வந்து குடுத்தான். பஞ்சு முட்டாய் அந்தக் காலத்துல ஏதுடான்னு நான் கேட்டேன். யாரும் காதுல வாங்கல. பூச்சி ஒரு நா மொதல் தடவையாப் பேசுச்சு. நான்தான் பேசினேன், அந்தப் புள்ளையா. "அங்காயி, பசிக்குது"ன்னு. ரேணு எந்திரிச்சு உள்ள போயிட்டா. திரும்பி வந்தப்ப மூஞ்சி கழுவியிருந்தா.

இப்ப அந்தச் சண்டைக்கு வர்றேன். கவனமாக் கேளுங்க, இங்கதான் எல்லாமே.

ஒரு ஆத்தக் கடந்து, ஒரு இடிஞ்ச கோட்டைக்குள்ள போறாங்க. உள்ள ஒரு பூதம். பூதம் கத்துச்சுன்னா கேக்கறவங்க பகடை போடோணும். கொறச்சலா விழுந்தா திகில். திகில் புடிச்சவங்க தன்னோட முறை வர்ற வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாது. இது ஒரு விதி. அங்காயிக்குக் கொறச்சலா விழுந்துச்சு. திகில் புடிச்சு நிக்கறா. அடுத்தாப்ல பூதம் யார அடிக்குதுன்னு பகடை போட்டேன். பூச்சி.

ரேணு ஒடனே, "நான் குறுக்க நிக்கறேன்"னா.

அதுக்கும் விதி இருக்குது. காப்புன்னு பேரு. பக்கத்துக் கட்டத்துல இருக்கறவங்க மேல அடி விழுந்தா, நடுவுல புகுந்து அத நம்ம மேல வாங்கிக்கலாம். அதுக்கு நம்ம முறை வரோணும்னு இல்ல, எப்ப வேணா செய்யலாம். சரிங்களா? ஒரு விதி ஒண்ணும் செய்ய முடியாதுங்குது. இன்னொண்ணு எப்ப வேணா செய்யலாங்குது. திகில் புடிச்சவ காப்புக் குடுக்கலாமா? புஸ்தகம் பேசவே இல்லீங்க. மொதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் பொரட்டிட்டேன். சந்தேகம் வந்தா நடத்துறவர் முடிவே முடிவுன்னு மட்டும் போட்டிருக்கு.

நான் அவசரப்படல. பக்கோடா ஆறிப் போற அளவுக்கு யோசிச்சேன். முன்னால ஒருக்கா ஆல்பர்ட்டுக்குத் திகில் புடிச்சப்ப மருந்து எறியறேன்னாரு, நான் முடியாதுன்னேன். அவருக்கு ஒரு நியாயம், என்ர சம்சாரத்துக்கு ஒரு நியாயமா? ஆல்பர்ட்டே சொன்னாரு, "விட்டுருங்க நந்து, எனக்கு ஒண்ணும் இல்ல, காப்புக் குடுக்கட்டும்"னு. அவரு பெருந்தன்மை அது. அதுக்காக நான் கோணலாப் போக முடியுமா? குமரகுரு புஸ்தகத்தயே மூடி வெச்சான். "மூடினா விதி மாறிருமா?"ன்னு தொறந்தேன்.

முடியாதுன்னுட்டேன்.

"நான் குறுக்க நிக்கறேன்னு சொல்லிட்டேன்ல"ன்னா ரேணு. திகில் ரேணுன்னேன். "நான் குறுக்க நிக்கறேன்"னு மறுபடியும் சொன்னா. எங்களப் பாத்துச் சொல்லல, அந்தப் பட்டனப் பாத்துச் சொன்னா. மூணாவதா ஒருக்கா சொன்னப்ப கொரலே வரல. அந்தக் கொரல நான் அதுக்கு முன்ன ஒரே ஒருக்காதான் கேட்டிருக்கேன், ஆஸ்பத்திரில.

எந்த ஆஸ்பத்திரிங்கறீங்களா? அதாங்க, ஒடம்பு சரியில்லைன்னேன்ல. எங்களுக்கு ஒண்ணு வந்துச்சு. ஏழாம் மாசத்துல தங்காமப் போச்சு. பொம்பளப் புள்ள. ராத்திரி பகல் பாக்காம நான் கூடவேதான் இருந்தேன், அதுல கொற சொல்ல முடியாது. ஆனா பிரசவ அறைக்கு முன்னால ஒரு மஞ்சக் கோடு போட்டிருந்தாங்க. ஆண்கள் இதத் தாண்டக் கூடாதுன்னு போர்டு. அவ உள்ள இருந்து "மாமா, உள்ள வாங்க, மாமா"ன்னு கூப்பிட்டுட்டே இருந்தா. எனக்கு உசுரே போச்சுங்க. நர்சம்மாகிட்டப் போகலாமான்னு கேட்டேன், கூடாதுன்னாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன். வேற யாரோ ஒரு ஆளு, லுங்கி கட்டிட்டு, கேக்காமக் கொள்ளாம உள்ள பூந்துட்டான் அவன் சம்சாரத்தப் பாக்க. நர்சம்மா ரெண்டு திட்டு திட்டினாங்க, அவ்வளவுதான். எல்லாரும் அப்படிப் பூந்தா ஆஸ்பத்திரி எப்படீங்க நடக்கும்? கொஞ்ச நேரத்துல அவ கூப்பிடறது நின்னு போச்சு.

அது வேற விசயம். அத எதுக்குச் சொன்னேன்? ஆங், கொரல்.

பகடை போட்டேன். எல்லாரும் பாக்கற மாதிரி மேசை நடுவுல போட்டேன், ஒளிச்சுப் போடல. பெருசா விழுந்துச்சு. பூச்சி போயிட்டா. நான் அந்தப் பட்டன எடுத்து ஓரமா வெச்சேன். செத்தவங்கள எடுத்துரோணும், இல்லைன்னா கட்டம் கொழம்பிரும்.

ரேணு கத்தல, அழுவல. ஆல்பர்ட்டப் பாத்து, "இன்னொரு டீ போடட்டுங்களா?"ன்னு கேட்டா. அவரு வேண்டாம்மான்னுட்டு அப்பவே கெளம்பிட்டாரு. அவரு கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. பெரிய மனுசன், ஒரு பட்டனுக்கு இப்படியான்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

அதுக்கப்பறம் அவ மேசைக்கே வரல. நாங்க மூணு பேரும் ஆடுவோம், அவ உள்ள துணி மடிச்சுட்டு இருப்பா. மடிச்சதப் பிரிச்சு மறுபடியும் மடிப்பா. நான் வேற வேசம் போட்டுத் தர்றேன்னேன், வேண்டாம்னா. வேற கொழந்தை கொண்டார்றேன்னேன். அன்னிக்கு என்னைய ஒரு பார்வை பாத்தா, அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னி வரைக்கும் புடிபடல.

எனக்கே சந்தேகம் வந்து, நெட்டுல இந்த ஆட்டக்காரங்க கூட்டத்துல இதக் கேள்வியாப் போட்டேன். எந்தெந்த ஊர்க்காரங்களோ பதில் எழுதினாங்க. முக்காவாசிப் பேரு நான் சொன்னதுதான் சரின்னாங்க. செல்ஃபோன அவகிட்ட நீட்டினேன். வாங்கி, கீழ வரைக்கும் பொறுமையாப் படிச்சா. படிச்சுட்டு, "இவங்கள்ல யாருக்காச்சும் பூச்சியத் தெரியுமாங்க?"ன்னு கேட்டா. எப்படீங்க தெரியும்? விதிக்கு ஆளத் தெரியோணும்னு என்ன இருக்குது? அப்பறம் ஒண்ணு சொன்னா, "நீங்க எப்பவும் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டீங்க மாமா"ன்னு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். எங்க வரைபடத்துல கட்டம்தானுங்க இருக்குது, கோடே கெடையாது.

ஆடி நோம்பிக்குன்னு அம்மா வீட்டுக்குப் போனா. வரல. நான் போய்க் கூப்பிட்டேன். வாசல்ல நின்னு பேசினா, உள்ள வாங்கன்னு அவ சொல்லல, நானும் போகல. அப்பறம் வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. நானும் கையெழுத்துப் போட்டேன். அவ வேணும்னு கேக்கறா, நான் எப்படி மறுக்கறது? ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நாலு தட்டு எடுத்து வெச்சுட்டு ஒரு தட்டத் திருப்பி உள்ள வெப்பேன். ஆல்பர்ட் வர்றத நிறுத்திட்டாரு. குமரகுரு எப்பவாச்சும் வருவான், ஆட மாட்டான், உக்காந்துட்டுப் போவான். அவ இல்லாம எனக்குச் சோறே எறங்கறதில்லீங்ணா. இந்த பெல்ட்டுல நானே ரெண்டு ஓட்டை புதுசாப் போட்டிருக்கேன், பாருங்க.

போன வாரம் குமரகுரு வந்தப்பதான் அந்த வெளிச்சம் கெடச்சுது. எதேச்சையாச் சொன்னான், "ஆத்தக் கடக்கறப்ப அக்கா பூச்சிய முதுகுல கட்டிக்கிட்டாங்களே, எப்ப அவுத்து எறக்கினாங்க?"ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அவ எறக்கவே இல்லீங்க. எறக்கி விட்டேன்னு சொல்லவே இல்ல. கோட்டைக்குள்ள போனதும் நானா அந்தப் பட்டன பக்கத்துக் கட்டத்துல வெச்சுட்டேன், கட்டத்துக்கு ஒரு ஆளுங்கற பழக்கத்துல. முதுகுல இருக்கற புள்ள மேல விழுகற அடி, சுமக்கறவ மேலயும்தான விழும்? அப்பக் காப்பே தேவையில்ல, திகிலும் குறுக்க வராது. ரெண்டு விதியும் மோதவே இல்ல. அன்னிக்குத்தான் நெம்ப நாளைக்கப்பறம் வயிறாரச் சாப்பிட்டேன். இத அவகிட்டச் சொல்லிட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். உங்களுக்கும் அப்படித்தான தோணுது?

இன்னிக்குக் காலைல கோர்ட்டு வராண்டால அவ தனியா உக்காந்திருந்தா. அவ தம்பி வண்டி நிறுத்தப் போயிருந்தான். நான் போய் பெஞ்சுல பக்கத்துல உக்காந்தேன். எந்திரிச்சுப் போகல. கழுத்து எலும்பு தெரியுதுங்க அவளுக்கு. ஆத்தக் கடந்தது, முதுகுல கட்டினது, எறக்காதது, எல்லாத்தயும் ஒண்ணு விடாமச் சொன்னேன். தலையக் குனிஞ்சுட்டே கேட்டா. கடைசியா நிமிந்து என் மூஞ்சியப் பாத்தா.

"அப்ப பூச்சி சாகலீங்களா மாமா?"ன்னு கேட்டா.

மாமான்னு கூப்பிட்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்ணா. "அப்படிச் சொல்லிர முடியாது ரேணு. அடி ரெண்டாப் பிரியும், உனக்குப் பாதி, பூச்சிக்குப் பாதி. எவ்வளவுன்னு மறுபடி பகடை போடோணும். இங்கயே போட்டுரலாம்"னு பாக்கெட்டுல இருந்து பகடைய எடுத்தேன். அதுக்குன்னே கொண்டு போயிருந்தேன்.

அவ என் உள்ளங்கையையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் ரெண்டு கையாலயும் என் கைய மூடினா, பகடையோட சேத்து. "போட வேண்டாம். நீங்க சொல்லுங்க மாமா. பொழச்சுட்டான்னு நீங்க வாயால சொல்லுங்க. எனக்கு அது போதும்"னா.

நான் எப்படீங்க சொல்லுவேன்? போடாமயே எப்படிச் சொல்றது? பொழைக்கறதுக்கு நெறைய வாய்ப்பு இருக்குது, முக்காவாசிக்கு மேல இருக்குது, அதத்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். "சின்னதா விழுந்தாப் போதும் ரேணு, பயப்படாத"ன்னேன். அவ மெதுவாக் கைய எடுத்துட்டா. அந்த நேரம் பாத்து டவாலி எங்க பேரக் கூப்பிட்டாரு. உள்ள போனோம். ஜட்ஜம்மா கேட்டாங்க, சம்மதமான்னு. அவ சம்மதம்னா. என்னையக் கேட்டாங்க. ஆமான்னோ இல்லைன்னோ மட்டும் சொல்லுங்கன்னாங்க. இல்லைன்னு நெஞ்சு பூரா இருந்துச்சுங்க. ஆனா கையெழுத்துப் போட்டாச்சே. ஆமான்னேன்.

வெளிய வந்தப்ப அவ தம்பி வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான். அவ பின்னால ஏறி உக்காந்தா. திரும்பிப் பாப்பான்னு நின்னேன். வண்டி போயிருச்சு.

நான் என்ன தப்பாச் சொல்லிட்டேங்ணா? அவளுக்குப் புள்ள பொழைக்கோணும், அதுக்கு வழி கண்டுபுடிச்சுட்டுப் போனேன். இதுக்கு மேல ஒரு புருசன் என்ன பண்ணோணும்? நீங்க சன்னல் பக்கம் பாக்கறீங்க. பரவால்ல.

அவ போனதுக்கப்பறம் அந்த பெஞ்சுலயே உக்காந்து போட்டுப் பாக்கலாம்னு எடுத்தேன். முடியல. கூட ஒருத்தர் பாக்காமப் போட்டா செல்லாது, அது எங்க மேசை வழக்கம். இப்ப நீங்க இருக்கறீங்க. இந்தாங்க, இதான் பகடை. என் பை மேலயே போடறேன், நீங்க பாத்தாப் போதும்.

கொஞ்சம் இருங்க. பெருசா விழுந்துருச்சுன்னா? இத்தன நாளு கழிச்சு மறுபடியும் நானே அந்தப் புள்ளைய... இல்லீங்க, எனக்கு வேண்டாம். கை வர மாட்டேங்குது.

நீங்க சொல்லுங்களேன். பூச்சி பொழச்சுட்டான்னு. விதியெல்லாம் கெடக்கட்டும், பகடை கெடக்கட்டும். உங்களுக்கு அந்தப் புள்ளையத் தெரியாதுதான். இருந்தாலும் சொல்லுங்ணா. வாயால ஒரு வார்த்த சும்மா சொல்லுங்க, எனக்கு அது போதும்.